ஆங்கிலம் அறிவோம்: மேற்குறி எஸ்ஸுக்கு முன்னா, பின்னா?

ஆசிரியர் தினம் முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பல, ஆங்கிலத்தில் அப்பாஸ்ட்ரபி என்று சொல்லப்படும் சிறு மேற்குறியைப் பற்றியே இருந்தன. அதிலும், பலருக்கு உரிய ஒன்றை எழுதும்போது அக்குறியை எங்கே இடுவது என்பதுதான் பெரும்பாலோரின் தடுமாற்றம். ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளை எடுக்காமல் இதற்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்து, மேற்குறியை மட்டும் அதற்குரிய இடத்தில் காட்டியுள்ளேன்.

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஆசிரியர் தின வாழ்த்து அட்டையில் “டீச்சர்’ஸ் டே” என்று எழுதினாள். குறி எஸ்ஸுக்குப் பின்னால் வர வேண்டும் என்று வகுப்பில் திருத்தினார்கள். குறியே தேவையில்லை என்கிறான் மூத்தவன். மூன்றையும் வாய்விட்டுப் படித்தால் ஒன்றுபோலத்தான் கேட்கிறது. எது சரி, ஏன் என்று விளக்க வேண்டுகிறேன், ஐயா.
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: அம்மா, உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஓர் ஆசிரியருடைய, பல ஆசிரியர்கள், பல ஆசிரியர்களுடைய என்னும் மூன்று பொருளுக்கும் ஆங்கிலப் பேச்சில் “டீச்சர்ஸ்” என்ற ஒரே ஒலிதான் உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அதைக் காதால் பிரித்தறிவதில்லை. முன்னும் பின்னும் வரும் சொற்களைக் கொண்டே பொருள் கொள்கிறார்கள். எழுத்தில்தான் அந்த மூன்றும் பிரிகின்றன. பிரித்துக் காட்டும் வேலையை அந்த ஒரு குறி செய்கிறது. ஒலியைக் கேட்டு எழுத முயலும் பிள்ளைகள் தவறுவதற்கு இதுவே காரணமாகையால், உங்கள் மகளைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

நம் மொழியில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. “ஆசிரியரின்”, “ஆசிரியர்கள்”, “ஆசிரியர்களின்” என்று மூன்றும் ஒலியிலேயே வேறு வேறாக நிற்கின்றன. அவற்றில் மூன்றாவதை மட்டும் சற்று நிறுத்திப் பாருங்கள். முதலில் “ஆசிரியர்” என்னும் பெயர், அதன்மேல் பன்மை காட்டும் “கள்”, எல்லாவற்றுக்கும் கடைசியில் உரிமை காட்டும் “இன்”. சிறு குழந்தைகூட இந்த வரிசையை மாற்றி “ஆசிரியரின்கள்” என்று சொல்லாது. ஆங்கிலமும் இதே வரிசையில்தான் நடக்கிறது என்பதை யாராவது நமக்கு முதல் நாளிலேயே சொல்லியிருந்தால் இத்தனை கடிதங்களுக்குத் தேவை இருந்திருக்காது.

“சைல்ட்” என்பது குழந்தை. “சில்ட்ரன்” என்பது குழந்தைகள். இங்கே “கள்” வேலை முடிந்துவிட்டது. அதன்மேல் “இன்” வேண்டுமானால் மேற்குறியும் எஸ்ஸும் சேர்த்து “சில்ட்ரன்’ஸ்” என்று எழுதுகிறோம். “மென்’ஸ்”, “விமன்’ஸ்”, “பீப்பிள்’ஸ்” எல்லாம் அப்படியே. “டீச்சர்ஸ்” என்ற பன்மைச் சொல்லோ ஏற்கெனவே எஸ்ஸில் முடிந்து நிற்கிறது. அதன்மேல் இன்னொரு எஸ் ஏற்றினால் நாவுக்கு இடறும் என்பதால் அந்த இரண்டாவது எஸ் விழுந்துவிடுகிறது. அது நின்றிருக்க வேண்டிய இடத்தில் குறி மட்டும் தங்குகிறது. ஆகவே “டீச்சர்ஸ்’ டே” என்பதில் கடைசியில் தனித்து நிற்கும் மேற்குறியை, ஒலிக்காமல் மறைந்த “இன்” என்று உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். பன்மையை முழுமையாக எழுதி முடித்த பின்புதான் குறியைத் தொட வேண்டும்; எஸ்ஸில் முடிந்தால் குறி மட்டும், முடியாவிட்டால் குறியும் எஸ்ஸும். வகுப்பில் செய்த திருத்தம் சரியானது.

இந்த வழியை எனக்குக் காட்டியவன் ஒரு மாணவன். பணியில் சேர்ந்த புதிதில் “ஒருமைக்கு எஸ்ஸுக்கு முன், பன்மைக்கு எஸ்ஸுக்குப் பின்” என்றே பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தேன். அப்படிப் படித்த பிள்ளைகள் “சில்ட்ரன்ஸ்’” என்று எழுதுவார்கள். நானும் சலிக்காமல் சிவப்பு மையால் திருத்துவேன். ஒரு நாள் களக்காட்டுப் பக்கமிருந்து வரும் ஒரு பையன் எழுந்து, “சார், குழந்தைகளின் என்பதில் கள்ளுக்குப் பிறகுதானே இன் வருகிறது, இதுவும் அதேதானே?” என்று கேட்டான். அன்று முதல் நான் வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

நம் மாவட்டத்து இடையன்குடியில் வாழ்ந்து அங்கேயே அடக்கமாகியுள்ள கால்டுவெல், 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இந்தத் தன்மையை எடுத்துக்காட்டியிருக்கிறார். ஒருமைக்கு ஓர் உருபு, பன்மைக்கு வேறோர் உருபு என்று லத்தீன், கிரேக்கம் முதலியவை வைத்திருக்க, தமிழும் அதன் இன மொழிகளும் பன்மை விகுதியை இடையில் வைத்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே வேற்றுமை உருபையே சேர்க்கின்றன. இந்த ஓர் இடத்தில் இன்றைய ஆங்கிலமும் தமிழுக்கு அருகில் வந்து நிற்கிறது.

ஆங்கிலேயர்களுக்கே இந்தக் குறி மிகப் பழையது அன்று. பழைய ஆங்கிலத்தில் உரிமை காட்ட இ-எஸ் என்னும் ஈறு பல பெயர்களுக்கு இருந்தது. காலப்போக்கில் அந்த இ ஒலி மறைந்தது. எழுத்து விடுபட்ட இடத்தைக் காட்டும் மேற்குறி 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி வந்து சேர்ந்தபோது, அது ஒருமை உரிமைக்கு மெல்ல மெல்லப் பயன்படத் தொடங்கியது. பன்மை உரிமைக்கு எஸ்ஸுக்குப் பின் குறியிடும் வழக்கம் எல்லாவற்றுக்கும் கடைசியாக, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்று, 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது.

கேள்வி: அப்படியானால் அன்னையர் தினம் மட்டும் ஏன் “மதர்’ஸ் டே” என்று ஒருமையில் எழுதப்படுகிறது? உலகத்தில் ஒரே ஓர் அன்னையா இருக்கிறார்?
– கல்லூரி மாணவர், வள்ளியூர்

பதில்: அந்த ஒருமை தவறுதலாக வந்ததன்று, வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள கிராஃப்டன் என்னும் ஊரில் 1908இல் ஆன்னா ஜார்விஸ் என்ற பெண்மணி, மறைந்த தம் தாயின் நினைவாக இந்த நாளைத் தொடங்கிவைத்தார்; 1914இல் அதிபர் உட்ரோ வில்சன் அதை அரசு அறிவிப்பாக்கினார். ஊரிலுள்ள தாய்மார் அனைவரையும் பொதுவாகப் புகழும் நாளாக அல்லாமல், ஒவ்வொருவரும் தம்மைப் பெற்ற ஒருத்தியை நினைக்கும் நாளாக அது இருக்க வேண்டும் என்பதில் ஜார்விஸ் உறுதியாக இருந்தார். அதனால் குறி எஸ்ஸுக்கு முன்னால் வந்தது. நாம் அதை “அன்னையர் தினம்” என்று பன்மையாக்கிக்கொண்டோம். அவருடைய எண்ணத்துக்கு “அன்னையின் தினம்” என்பதே நெருக்கமானது.

ஆசிரியர் தினம் அப்படியன்று. ராதாகிருஷ்ணன் பிறந்த செப்டம்பர் 5ஆம் நாளை 1962 முதல் ஆசிரியர் அனைவருக்கும் உரிய நாளாகக் கொண்டாடுகிறோம். எனவே அங்கே பன்மையே பொருந்தும். நவம்பர் 14 “சில்ட்ரன்’ஸ் டே”, மார்ச் 8 “விமன்’ஸ் டே” ஆகியவற்றிலும் பன்மைச் சொற்களே உள்ளன. அச்சொற்கள் எஸ்ஸில் முடியாதவையாகையால் குறி எஸ்ஸுக்கு முன்னால் தெரிகிறது. குறியின் இடத்தை மட்டும் பார்த்து அவற்றையும் ஒருமை என்று எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: டவுனில் ஃப்ளெக்ஸ் அச்சிடும் கடை வைத்திருக்கிறேன். ஒருவர் “லேடீஸ் டெய்லர்” என்பதில் குறி வேண்டும் என்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். “சில்ட்ரன்ஸ் வேர்”, “மென்ஸ் ஹாஸ்டல்”, “இட்லி’ஸ்” என்றெல்லாம் எழுதிக் கொண்டுவருகிறார்கள். தவறான போர்டு என் கடையிலிருந்து போகக் கூடாது என்று நினைக்கிறேன். எதை நம்பி அச்சிடுவது?
– வாசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: பல்லாயிரம் கண்கள் தினமும் படிக்கும் எழுத்தை உருவாக்குகிறவர் நீங்கள். பள்ளிப் பிள்ளைகள் பாடநூலைவிடக் கடைப் பலகைகளைத்தான் அதிகம் படிக்கிறார்கள். உங்கள் அக்கறைக்கு முதலில் என் நன்றி.

கடைசியில் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். “இட்லி’ஸ்”, “ஜூஸ்’ஸ்”, “ஜெராக்ஸ்’ஸ்” என்பவை எந்த விளக்கத்துக்கும் அடங்காத பிழைகள். அங்கே எதுவும் எதற்கும் உரிமையாக இல்லை. வெறும் பன்மைதான் இருக்கிறது. வெறும் “கள்” இருக்கும் இடத்தில் மேற்குறிக்கு வேலை கிடையாது. இங்கிலாந்திலும் காய்கறிக் கடைப் பலகைகளில் இந்தப் பிழை மலிந்திருப்பதால், அதற்குக் “காய்கறிக்காரரின் மேற்குறி” என்று பொருள்படும் ஒரு பெயரே ஆங்கிலத்தில் நிலவுகிறது.

அடுத்து “சில்ட்ரன்ஸ்”, “மென்ஸ்”, “விமன்ஸ்” என்று குறியில்லாமல் எழுதுபவை. சில்ட்ரன் என்பதே பன்மை; அதன்மேல் குறியில்லாத எஸ்ஸை ஒட்டினால் “குழந்தைகள்கள்” என்று எழுதுவதற்கு ஒப்பாகும். ஆகவே “சில்ட்ரன்’ஸ் வேர்”, “மென்’ஸ் ஹாஸ்டல்”, “வொர்க்கிங் விமன்’ஸ் ஹாஸ்டல்” என்று குறியோடுதான் அச்சிட வேண்டும். வாடிக்கையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் இதில் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

“லேடீஸ்”, “கேர்ள்ஸ்”, “கிட்ஸ்”, “டீச்சர்ஸ்”, “ஃபார்மர்ஸ்” போல எஸ்ஸில் முடியும் பன்மைகளின் நிலை வேறு. இங்கே குறி இட்டாலும் சரி, இடாவிட்டாலும் சரி. இதை நம் தொகைநிலையைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பாளையங்கோட்டை மகாராஜநகரில் இருப்பதை “உழவர் சந்தை” என்கிறோமே தவிர, “உழவர்களின் சந்தை” என்று யாரும் சொல்வதில்லை. உருபு மறைந்து நிற்கிறது, பொருள் கெடவில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே “ஃபார்மர்ஸ்’ மார்க்கெட்” என்று உருபை விரித்தும் எழுதலாம், “ஃபார்மர்ஸ் மார்க்கெட்” என்று தொகையாகவும் எழுதலாம். சந்தை உழவர்களுக்குச் சொந்தம் என்று கொண்டால் குறி வேண்டும். உழவர் என்ற சொல் சந்தையின் வகையை மட்டும் சொல்கிறது என்று கொண்டால் குறி வேண்டாம். அமெரிக்க அரசு நவம்பர் 11ஆம் நாளை “வெட்டரன்ஸ் டே” என்று குறியில்லாமலே எழுதுகிறது. அந்த நாள் முன்னாள் படைவீரர்களுக்குச் சொந்தமானதன்று, அவர்களைப் போற்றுவதற்கான நாள் என்பது அவர்கள் தரும் காரணம். லண்டன் சுரங்க ரயிலின் ஒரே பாதையில் அடுத்தடுத்து வரும் இரு நிலையங்களில் “ஏர்ல்’ஸ் கோர்ட்” என்பதற்குக் குறி உண்டு, “பேரன்ஸ் கோர்ட்” என்பதற்கு இல்லை. ஊர்ப்பெயர், நிறுவனப் பெயர் என்று வரும்போது உரியவர் எப்படி எழுதுகிறாரோ அதுவே முடிவு. “செயின்ட் சேவியர்’ஸ்”, “செயின்ட் ஜான்’ஸ்” என்று பாளையங்கோட்டைக் கல்லூரிகள் தம் பெயரில் குறி வைத்திருக்கின்றன. ஒரே புனிதரின் பெயராகையால் அது எஸ்ஸுக்கு முன்னால் நிற்கிறது. அதையும் மாற்றக் கூடாது.

உங்களுடைய இரண்டு வாடிக்கையாளர்களும் சொல்வது சரியே. தவறு எதுவென்றால் “லேடி’ஸ் டெய்லர்”, “கேர்ள்’ஸ் ஹாஸ்டல்” என்று எழுதுவது. ஒரே ஒரு பெண்ணுக்காகத் தைக்கும் தையற்காரர், ஒரே ஒரு மாணவி தங்கும் விடுதி என்று அவற்றுக்குப் பொருளாகிவிடும். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் “பாய்’ஸ் ஹாஸ்டல்” என்ற பலகை பல ஆண்டுகள் தொங்கியது. எழுத்து மூலம் இருமுறை கேட்டும் மாற்றப்படவில்லை. அதன் கீழே நின்று வரிசையாக உணவுக்குச் சென்ற மாணவர்கள் அந்தப் பிழையைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு போனார்கள் என்னும் வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

கேள்வி: நன்னூல் கற்ற தமிழாசிரியன் நான். என் பேரன் “பாய்’ஸ் புக்ஸ்” என்று எழுத வேண்டிய இடத்தில், புத்தகங்கள் பல என்பதால் “பாய்ஸ்’ புக்ஸ்” என்று எழுதுகிறான். உடைமையின் எண்ணிக்கையைப் பார்ப்பது தவறா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஐயா, உங்கள் பேரன் அறியாமலே நன்னூல் வழியில் சிந்தித்திருக்கிறான். ஆறாம் வேற்றுமைக்கு, உடைமை ஒன்றானால் “அது”, “ஆது” என்றும், உடைமை பலவானால் “அ” என்றும் உருபு கொள்ள வேண்டும் என்பது நன்னூலார் வகுத்த விதி. “எனது கை”, “என கைகள்” என்று நாம் படித்திருக்கிறோம். அங்கே உருபு உடைமைப் பொருளின் எண்ணைப் பார்க்கிறது. ஆங்கிலத்தின் மேற்குறி அதற்கு நேர்மாறாக, உடையவர் ஒருவரா பலரா என்பதை மட்டுமே பார்க்கிறது. ஒரு பையனிடம் நூறு புத்தகங்கள் இருந்தாலும் “தி பாய்’ஸ் புக்ஸ்”. நூறு பையன்களுக்கு ஒரே பள்ளி என்றாலும் “தி பாய்ஸ்’ ஸ்கூல்”.

ஐயம் வரும்போதெல்லாம் தொடரை “ஆஃப்” வைத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். “தி ஸ்கூல் ஆஃப் தி பாய்ஸ்” என்று வந்தால், ஆஃப் என்பதற்குப் பின் நிற்கும் “பாய்ஸ்” என்ற சொல்லை அப்படியே முழுமையாக எழுதிவிட்டு அதன் பின்பு குறியிட வேண்டும். “தி புக்ஸ் ஆஃப் தி பாய்” என்று வந்தால் “பாய்” என்று எழுதிக் குறியிட்டு, எஸ் சேர்க்க வேண்டும்.

கேள்வி: வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறேன். “ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்” என்பதில் குறி உண்டா? ஆண்டுகள் எப்படி ஒன்றுக்கு உரிமையாளர் ஆக முடியும்?
– வாசகி, நாங்குநேரி

பதில்: உண்டு; எஸ்ஸுக்குப் பின்னால் வரும்: “ஃபைவ் இயர்ஸ்’ எக்ஸ்பீரியன்ஸ்”. அன்றாட ஆங்கிலத்தில் பன்மை உரிமை மிகுதியாகப் பயன்படும் இடமும், மிகுதியாகத் தவறும் இடமும் இந்தக் கால அளவுகள்தாம். இங்கே உரிமை என்பதை அளவு என்று கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு அளவுள்ள அனுபவம், இரண்டு வார அளவுள்ள முன்னறிவிப்பு, மூன்று மாத அளவுள்ள சம்பளம்: “டூ வீக்ஸ்’ நோட்டீஸ்”, “த்ரீ மன்த்ஸ்’ சேலரி”. ஒரு வாரம், ஒரு மாதம் என்றால் ஒருமையாகி “ஒன் வீக்’ஸ் நோட்டீஸ்”, “எ மன்த்’ஸ் சேலரி” என்று குறி முன்னால் வந்துவிடும். விடுப்புக் கடிதத்தில் “டென் டேஸ்’ லீவ்” என்று எழுதுங்கள். குறியின் இடம் உறுதியாகத் தெரியாத அவசரத்தில் “ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்” என்று எழுதிவிடலாம். அதுவும் நல்ல ஆங்கிலமே.

இன்னொரு வடிவமும் இருக்கிறது. ஜங்ஷன் ரயில் நிலையத்திலிருந்து ஈரடுக்கு மேம்பாலம் “ஐந்து நிமிட நடை” என்போம். “ஐந்து நிமிடங்களின் நடை” என்று சொல்வதில்லை. அதுபோலவே ஆங்கிலத்திலும் இடையில் சிறு கோடிட்டு, எஸ்ஸை விட்டு, “எ ஃபைவ்-மினிட் வாக்” என்று எழுதலாம். “ஃபைவ் மினிட்ஸ்’ வாக்” என்பதும் சரியே. ஆனால் இந்தக் கோடு போட்ட வடிவத்தை அனுபவத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். “ஃபைவ்-இயர் எக்ஸ்பீரியன்ஸ்” என்றால் ஐந்தாண்டு நீடித்த ஒரு தனி நிகழ்ச்சி என்பதுபோல் தொனிக்கும்.

கேள்வி: “பஸ்களின் நேரம்” என்பதை ஆங்கிலத்தில் “பஸ்ஸஸ்’ டைமிங்ஸ்” என்று எழுதினால் சரியா?
– வாசகர், தென்காசி

பதில்: இலக்கணப்படி பிழையில்லை, வழக்கில் இல்லை. உயிரற்ற பொருள்களுக்குப் பேச்சு ஆங்கிலம் பன்மை உரிமையை அவ்வளவாக விரும்புவதில்லை. “பஸ் டைமிங்ஸ்” என்று ஒருமைப் பெயரையே முன்னால் ஒட்டிவிடுவார்கள். மனிதர், விலங்கு, காலம் ஆகிய மூன்றுக்கும் மேற்குறியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மற்றவற்றுக்கு ஒட்டுச்சொல்லோ “ஆஃப்” என்பதோ இயல்பாக இருக்கும்.

கேள்வி: எனக்கு மூன்று மச்சான்கள். அவர்களுடைய கடை என்பதை எப்படி எழுதுவது? என் அக்காவும் தங்கையும் சேர்ந்து வாங்கிய வீட்டை எப்படிச் சொல்வது?
– வாசகர், பத்தமடை

பதில்: “மச்சான்மாரின்” என்று நாம் சொல்லும் வரிசையே இங்கும் வழிகாட்டும். ஆங்கிலத்தில் “மார்” நடுவில் வருகிறது: “பிரதர்ஸ்-இன்-லா”. பன்மை அங்கே முடிந்துவிட்டது. உரிமைக் குறி தொடரின் கடைசியில்தான் ஏறும்: “மை பிரதர்ஸ்-இன்-லா’ஸ் ஷாப்”. எழுதவும் படிக்கவும் கரடுமுரடாக இருப்பதால், “தி ஷாப் ஆஃப் மை த்ரீ பிரதர்ஸ்-இன்-லா” என்று எழுதுவதையே நான் விரும்புவேன்.

இருவருக்கும் பொதுவான ஒரே வீடு என்றால், பெயர்களில் பின்னதற்கு மட்டும் குறி போதும். ஆளுக்கொரு வீடு என்றால் இரண்டு பெயருக்கும் தனித்தனியே குறி இட வேண்டும். பத்திரம், உயில் போன்றவற்றின் ஆங்கில நகலில் இந்த வேறுபாடு சொத்தின் உரிமையையே தொடுவதாகையால், குறியை மட்டும் நம்பாமல் விரித்தே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் பெயர் ஜேம்ஸ். எங்கள் குடும்பத்தாரின் வீடு என்று எழுத வேண்டும். எஸ்ஸில் முடியும் பெயருக்கு என்ன செய்வது?
– வாசகி, திசையன்விளை

பதில்: அவர் ஒருவருடையது என்றால் “ஜேம்ஸ்’ஸ்” என்று எழுதி, “ஜேம்ஸஸ்” என்று ஒலியுங்கள். “ஜேம்ஸ்’” என்று குறியோடு நிறுத்துவாரும் உளர். ஒரு கடிதத்துக்குள் ஏதாவது ஒன்றையே பின்பற்றினால் போதும். குடும்பத்தார் அனைவரும் என்றால் முதலில் பன்மையாக்குங்கள்: இ-எஸ் சேர்த்து “தி ஜேம்ஸஸ்”. பிறகு அதன் கடைசியில் குறி: “தி ஜேம்ஸஸ்’ ஹவுஸ்”. வாசலில் பெயர்ப்பலகை வைப்பதானால் வீடு என்ற சொல்லே வேண்டாம். “தி ஜேம்ஸஸ்” என்று குறியில்லாமல் எழுதினாலே, ஜேம்ஸ் வீட்டார் இங்கே வாழ்கிறார்கள் என்று பொருள்படும்.

கேள்வி: “தேர்ஸ்”, “அவர்ஸ்” என்பவையும் பன்மை உரிமைதானே, அவற்றுக்குக் குறி எங்கே?
– பத்தாம் வகுப்பு மாணவி, மேலப்பாளையம்

பதில்: எங்கேயும் இல்லை, மகளே. “அவர்களுடையது”, “எங்களுடையது” என்ற பொருள் அந்தச் சொற்களுக்குள்ளேயே இருப்பதால் அவற்றின்மேல் குறி ஏறாது. “யுவர்ஸ்”, “ஹெர்ஸ்”, உடைமைப் பொருளில் வரும் “இட்ஸ்” ஆகியவையும் அப்படியே. “இட்’ஸ்” என்று குறியோடு எழுதினால் அது “இட் இஸ்” என்பதன் சுருக்கமாகிவிடும். கடிதத்தின் முடிவில் “யுவர்’ஸ் சின்சியர்லி” என்று நீ எழுதியிருந்தாய். அடுத்த கடிதத்தில் அந்தக் குறியை விட்டுவிடு.